வினைமுற்றில் தந்தை: ‘கசாக்கின் இதிகாசம்’ முன்வைக்கும் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

ஓ. வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ 1969இல் நூலாக வெளிவந்தது. பாலக்காட்டை அடுத்த தஸ்ராக் என்னும் சிற்றூரே அதன் களத்திற்கு மூலம். அங்கு ஓராசிரியர் பள்ளிக்கு வந்துசேரும் ரவி, சிற்றன்னையோடு கொண்ட உறவின் குற்றவுணர்வால் தந்தையைவிட்டு அகன்றவன். தாய் இளமையிலேயே மறைந்தமையால் கதை சொல்பவளாகவே அவன் நினைவில் நிலைத்துவிடுகிறாள். தந்தையோ வஞ்சிக்கப்படக்கூடிய ஒரு மனிதராக அவனுக்குத் தென்படுகிறார்.

யூமா வாசுகியின் தமிழாக்கம் வெளிவந்துள்ளது. இங்குக் கருதப்படுவது அதன் குறைநிறை அன்று. தமிழில் பெயர்ப்போர் எவரும் எதிர்கொள்ள நேரும் அமைப்புநிலைச் சிக்கலாகும். மலையாள வினைமுற்று பால், எண், இடம் காட்டுவதில்லை. ஏ. ஆர். ராஜராஜவர்மா ‘கேரள பாணினீய’த்தில் இதனைப் புருஷபேத நிராசம் என்றார். ‘அச்சன் வந்நு’ என்னும் தொடரில் மகனின் மதிப்போ விலகலோ வினையில் பதிவதில்லை. தமிழிலோ ‘வந்தார்’, ‘வந்தான்’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். முன்னதில் மகன் இன்னும் தந்தையின் நிழலிலேயே நிற்கிறான். பின்னதில் மூலத்தில் இல்லாத அவமதிப்பு நுழைகிறது. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கின்பாற்பட்டதேயன்றி இலக்கணநெறி அன்று என்பது தொல்காப்பியர் கொள்கை. இன்றைய எழுத்துத்தமிழில் அவ்வழக்கே விலக்கவியலாத இலக்கணமாகிவிட்டது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளின் இருமொழியாளர்க்கு இவ்வேறுபாடு அன்றாட அனுபவம். 1994இல் விஜயன் தாமே செய்த ஆங்கில ஆக்கத்திற்கோ இச்சிக்கல் இல்லை. ஆங்கில வினையும் மதிப்பு காட்டாது.

தாயைப் பொறுத்தவரை தமிழ் இத்துணைத் தயங்குவதில்லை. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) தலைப்பிலேயே ‘-ஆள்’ ஈறு இயல்பாக நிற்கிறது. வேதம் பயின்று திரும்பும் அப்பு, அலங்காரத்தம்மாளைத் தாயாக மட்டுமன்றி ஒரு பெண்ணாகவும் காண நேரும் அந்நாவலில் ஒருமை ஈறு இகழ்ச்சியாக ஒலிப்பதில்லை. எம். கிருஷ்ணனின் ஆங்கில ஆக்கம் தலைப்பை ‘அப்புவின் தாயின் பாவங்கள்’ எனப் பொருள்பட மாற்றியது. அலங்காரம் மீண்டும் மகனின் உடைமையானாள், தீர்ப்பும் முன்கூட்டியே வழங்கப்பட்டது. இம்மாற்றம் வருந்தத்தக்கது.

தந்தைக்குத் தமிழில் வழியே இல்லை என்பதன்று. ‘வந்த அப்பா’, ‘அப்பா வந்தது’ எனப் பெயரெச்சமும் தொழிற்பெயரும் ஈற்றைத் தவிர்க்க உதவும். ஆயினும் அடுக்கினால் நடை தளரும். நான்காம் வேற்றுமைத் தொடர்களே இன்னும் பொருத்தமானவை. ‘அப்பாவுக்குத் தெரியும்’, ‘அப்பாவுக்கு வலித்தது’ என்பவற்றில் ‘-ஆர்’, ‘-ஆன்’ இரண்டுக்கும் இடமில்லை. அறிதல், வலித்தல், பசித்தல் போன்ற அகநிலை வினைகளே பெரும்பாலும் இவ்வமைப்பை ஏற்பன. ரவி தந்தையை நினைவுகூரும் பகுதிகளைப் பெயர்ப்போர் முதலில் சோதித்துப் பார்க்கவேண்டியது இவ்வமைப்பையே.