நினைவே பொறியாக: றொபேட் கோமியரின் நாவலொன்று பற்றிய நோக்கு

இளைஞர்களுக்கென எழுதப்படும் மர்ம நாவல்கள் இலக்கிய ஆய்வுக்கு உகந்தனவாகக் கொள்ளப்படுவது அரிது. பொழுதுபோக்கு என்ற ஒரே தலைப்பினுள் அவை யாவும் அடக்கப்பட்டுவிடுகின்றன. பெரும்பாலான நூல்களைப் பொறுத்தவரையில் இம்மதிப்பீடு தவறானதுமன்று. ஆயின், அமெரிக்க எழுத்தாளர் றொபேட் கோமியர் (1925-2000) 1977 இல் வெளியிட்ட ‘ஐ ஆம் த சீஸ்’ என்னும் நாவல் அத்தலைப்பினுள் அடங்குவதன்று. குடும்ப இரகசியமொன்றை மகன் துருவி அறியும் கதையாகத் தொடங்கும் இந்நாவல், அறிதல் என்னும் செயலையே ஐயத்துக்குரியதாக்கி முடிகின்றது.

நாவல் ஈரிழைகளாற் பின்னப்பட்டுள்ளது. ஓர் இழையிலே அடம் பாமர் என்னும் சிறுவன், மசாசூசெற்ஸ் மாநிலத்தின் மொனுமென்ற் என்ற ஊரிலிருந்து வேர்மொன்ற் மாநிலத்திலுள்ள தந்தையைக் காணத் துவிச்சக்கர வண்டியிற் புறப்படுகின்றான். தந்தையின் பழைய மேலங்கியை அணிந்திருக்கிறான். தந்தைக்குரிய பொதியொன்று அவனிடம் இருக்கிறது. இப்பயணம் அவனது கூற்றாகவே, நிகழ்காலத்தில் அமைகிறது. மற்றைய இழை ஒலிப்பதிவு நாடாக்களின் எழுத்துப் பிரதி. பிறின்ற் என்பவர் வினவுகிறார். அடம் விடையளிக்கிறான், அல்லது விடையளிக்க மறுக்கிறான். அவ்வினாக்களினூடே அவனது கடந்தகாலம் படர்க்கையில் விரிகின்றது.

அக்கடந்தகாலத்தின் மையக் காட்சி மிக எளியது. தந்தையின் மேசை இலாச்சியிலே இரு பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களை அடம் காண்கிறான். இரண்டும் அவனுக்குரியவை, ஆனால் பிறந்த தினங்கள் வேறுபடுகின்றன. கொலை இல்லை, இரத்தம் இல்லை, இருள் சூழ்ந்த மாளிகையும் இல்லை. அலுவலகக் கடதாசி இரண்டுதான். எனினும் அக்கணத்திலிருந்து வீட்டின் ஒவ்வொரு பழக்கமும் அவனுக்கு வேறு பொருள் தரத் தொடங்குகின்றது. தாய் வாரந்தோறும் யாருடனோ தொலைபேசியில் ஏன் இரகசியமாகப் பேசுகிறாள்? கிறே என்னும் மனிதர் வந்ததும் தந்தை ஏன் அவரை நிலக்கீழ் அறைக்கு அழைத்துச் செல்கிறார்? தாயும் தந்தையும் அன்பிலே குறைவற்றவர்கள். அவ்வன்பையே ஐயுற வேண்டிய நிலைக்கு மகன் தள்ளப்படுகிறான். கொடிய பெற்றோரை ஐயுறுதல் எளிது. நல்ல பெற்றோரை ஐயுறும் வேதனையைச் சித்திரிப்பதிலேதான் கோமியரின் திறன் வெளிப்படுகின்றது. ஒற்றுக் கேட்கும் மகனின் குற்றவுணர்வு, கண்டுபிடித்த உண்மையைக் காட்டிலும் ஆழமாக வாசகர் மனதிற் பதிகிறது.

உண்மை பின்னர் தந்தை வாயிலாகவே வெளிவருகிறது. அவர் முன்னர் அன்ரனி டெல்மொன்ரே என்ற பெயருடைய பத்திரிகை நிருபர். அரசாங்கத்துக்கும் குற்றக் கும்பல்களுக்கும் இடையிலான தொடர்பைக் கண்டறிந்து வாஷிங்ரனிற் சாட்சியம் அளித்தவர். உயிராபத்து ஏற்பட்டபோது குடும்பம் முழுவதற்கும் புதிய பெயரும் புதிய ஊரும் வழங்கப்பட்டன. பாமர் என்னும் புதிய பெயர் இக்குடும்பத்தின் இத்தாலிய, ஐரிஷ் கத்தோலிக்க வேர்களுக்கு எவ்வகையிலும் பொருந்தாதது. ஓர் இனக்குழுவின் அடையாளத்தை அலுவலகமொன்று கடதாசியால் அழித்துவிடும் இச்சிறு செய்தி, தனிக் கட்டுரைக்கே உரிய பொருள்.

நூல் வெளிவந்த சூழலையும் இங்கு கருதல் வேண்டும். சாட்சிகளுக்குப் புதிய அடையாளம் வழங்கும் ஏற்பாட்டுக்கு 1970 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்று வழிவகுத்தது. 1974 இல் வோட்டர்கேற் விவகாரத்தால் ஜனாதிபதி நிக்சன் பதவி துறந்தார். 1975 இல் செனற் சபைக் குழுவொன்று உளவு நிறுவனங்களின் அத்துமீறல்களை விசாரித்தது. காக்கும் கை எது, தாக்கும் கை எது என்று பிரித்தறிய இயலாத அக்காலத்து அச்சத்தை, கோமியர் ஒரு வீட்டின் நான்கு சுவர்களுக்குள் கொண்டுவந்து வைத்தார். அவரே நெடுங்காலம் பத்திரிகை நிருபராகத் தொழில் புரிந்தவராதலால், உண்மையை வெளியிட்ட நிருபரின் குடும்பம் அழிவதாகக் கதை புனைந்தமை தற்செயலானதன்று.

துப்பறியும் நாவலில் வாசகர் துப்பறிவோனின் பக்கம் நிற்பர். அவன் வினவுவது வாசகரும் அறிய விரும்புவதே. இந்நாவலிலே வினவுபவர் பிறின்ற். அவர் மருத்துவரா, விசாரணை அதிகாரியா என்பது நெடுநேரம் தெளிவாவதில்லை. அடமின் அழுகையிலே அவருக்கு அக்கறை இல்லை. தந்தை என்ன கூறினார், கிறே பற்றி என்ன தெரியும் என்பவற்றையே திரும்பத் திரும்பக் கிளறுகிறார். வாசகரும் அதையேதான் அறியத் துடிக்கின்றனர். சிறுவன் களைத்துப் பேச்சை நிறுத்தும்போது வாசகருக்கு ஏற்படும் பொறுமையின்மையும் பிறின்ற்றின் பொறுமையின்மையும் ஒன்றே. மர்ம நாவல் வாசிப்பின் இன்பத்தையே விசாரணைக் கூடத்துள் வைத்து வாசகரை வெட்கமுறச் செய்யும் இவ்வுத்தி, வெறும் வடிவச் சோதனையன்று. நினைவு மீளுதல் விடுதலை தரும் என்பது உளப்பகுப்பாய்வு வழிவந்த கதைகளின் எடுகோள். இங்கோ, நினைவு மீண்டால் அது வினவுபவருக்குப் பயன்படும். மீளாவிடின் சிறுவன் தான் யாரென அறியான். இரு வழியும் அடைக்கப்பட்டுள்ளன.

பயணமும் மெய்யானதன்று என்பது இறுதியிலே தெரியவருகின்றது. வழியிற் சந்தித்த முரடர்களும் ஏனையோரும் அவன் அடைக்கப்பட்டிருக்கும் நிலையத்தில் இருப்பவர்களே. வண்டி ஓடியது அந்நிலையத்தின் வளவுக்குள் மட்டுமே. தாய் கொல்லப்பட்டுவிட்டாள், தந்தை வரமாட்டார். பொதியினுள் இருப்பது குழந்தைப் பருவத்துப் பொம்மை. இறுதி அறிக்கை, அவனை என்ன செய்யலாம் என்பதை அலுவலக மொழியில், உணர்ச்சியின்றிப் பரிந்துரைக்கிறது. பின்னர் நாவலின் தொடக்க வரிகள் மீண்டும் வருகின்றன. அவன் மறுபடியும் வண்டியை மிதிக்கிறான். தந்தை பாடும் சிறுவர் விளையாட்டுப் பாடலில் ஈற்றிலே பாற்கட்டி மட்டும் தனித்து விடப்படும். தலைப்பின் பொருள் அதுவே.

இத்தகைய முடிவை இளைஞர்க்கு அளிக்கலாமா என்ற வினா கோமியரின் நூல்கள் குறித்து அடிக்கடி எழுப்பப்பட்டது. அவநம்பிக்கை என்ற குற்றச்சாட்டு மேலோட்டமானது. தந்தை சாட்சியம் அளித்தது தவறு என நாவல் எங்கும் கூறவில்லை. அதற்கான விலையை மறைக்காமற் காட்டுகிறது, அவ்வளவே. இளைஞரிடம் அவ்விலையை மறைப்பதும், அடமின் பெற்றோர் செய்த அதே அன்பான மறைப்புத்தான்.

வேறொரு குறை உண்மையிலேயே உண்டு. அதிகாரத்தின் கொடுமை காட்டப்படும் அளவுக்கு அதன் அடிப்படை காட்டப்படவில்லை. எவர் நலனுக்காக இந்நிறுவனம் இயங்குகின்றது, எவர் இதனால் இலாபமடைகின்றனர் என்பன புகைமூட்டமாகவே விடப்பட்டுள்ளன. சிறுவனின் பார்வைக்குள் நின்று எழுதுவதால் இது தவிர்க்கவியலாதது எனச் சமாதானம் கூறலாம். ஆனால் இறுதி அறிக்கை சிறுவனின் பார்வைக்கு அப்பாற்பட்டது. அவ்விடத்திலாவது ஆசிரியர் திரையைச் சற்று விலக்கியிருக்கலாம். பெற்றோரின் புனைவுப் பிறப்பூரிலிருந்து ஒருவர் தற்செயலாக வந்து சேர்வதும் கதைப்பின்னலின் வசதிக்காகவே நிகழ்கிறது.

ஏமி ஹேட்ஸ் என்னும் தோழிக்கு அடம் தொலைபேசியில் அழைக்கும் காட்சிகள் அவ்வாறானவையல்ல. குறும்புக்காரியான அவள் மட்டுமே அவனைச் சிரிக்க வைத்தவள். பயணத்தின்போது அவ்விலக்கத்தை அழைத்தால் முன்பின் அறியாத ஒருவர் குரல் கொடுக்கிறார். அவ்விலக்கம் மூன்றாண்டுகளாகத் தம்முடையது என்கிறார். நாவலில் அச்சிடப்பட்ட அவ்விலக்கம் கோமியரின் சொந்த வீட்டு இலக்கமே. நூலைப் படித்த இளைஞர்கள் பல்லாண்டுகளாக அதை அழைத்து ஏமியைக் கேட்டனர்; கோமியரும் அவர்களோடு உரையாடினார்.