வெள்ளைக் குச்சிதான் முதலில் தீரும்

புதுப் பெட்டியைத் திறந்ததும் சிவப்பை எடுத்து ஒரு கோடு இழுத்தேன். திட்டுத்திட்டாக விழுந்தது. தாளின் குழிகளெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தன. பள்ளிக்கூடத்து மெழுகுக் கிரேயானைப் பிடித்துப் பழகிய லேசான கை ஆயில் பேஸ்டலுக்கு ஆகாது. அதே இடத்தில் அழுத்தித் தேய்த்தேன். குழிகள் அடைபட்டு, சிவப்பு வெண்ணெய் தடவியதுபோலப் படிந்தது. அந்த நிமிஷமே இது எனக்குப் பிடித்துவிட்டது.

நான் வாங்கியது 25 நிறங்கள் கொண்ட மாணவர் தரப் பெட்டி. மூன்று வாரமாகத் தினமும் கையில் எடுக்கிறேன். நிறமி, மெழுகு, காயாத எண்ணெய் இவைதான் குச்சியின் சரக்கு. எண்ணெய் காயாததால் நேற்றுப் பூசியதை இன்றும் விரலால் இழைக்கலாம். அதே காரணத்தால்தான் படம் முடிந்த பிறகும் கை பட்டால் கலைகிறது.

1925-இல் ஜப்பானின் சகுரா நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆயில் பேஸ்டலைக் 'கிரே-பாஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. சாக் பேஸ்டலின் பளிச்சென்ற நிறம் வேண்டும், தூள் பறக்கக் கூடாது என்பது நோக்கம். தொடக்கத்தில் கோடைக்குக் கெட்டியாக ஒன்று, குளிர்காலத்துக்கு மென்மையாக ஒன்று என இரண்டு வகை விற்றார்களாம். சென்னை ஏப்ரலில் வரைகிற எனக்கு இதன் நியாயம் நன்றாகப் புரிகிறது. மத்தியானம் ஜன்னலோரம் வைத்த குச்சி குழைந்து விரலில் ஒட்டுகிறது. காலை 6 மணிக்கு அதே குச்சி கூர்மையான கோடு தருகிறது. பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்தால் மத்தியானமும் சமாளிக்கலாம். 1949-இல் பிகாசோவுக்காகப் பிரான்சின் செனெலியே நிறுவனம் தயாரித்த ஓவியர் தரக் குச்சிகள் இன்னும் மிருதுவானவை. விலையும் பல மடங்கு. கை பழகுவதற்கு அவை தேவையில்லை.

தாளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பிரிண்டர் தாளில் எண்ணெய் பின்பக்கம் ஊறித் தெரியும். வழவழப்பான சார்ட்டில் குச்சி வழுக்கும். சொரசொரப்பான 200 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள் மூன்று நான்கு அடுக்கு நிறத்தைத் தாங்குகிறது.

முதல் வாரம் முழுக்க ஒரு கத்தரிக்காயையே வரைந்தேன். என் பெட்டியில் ஊதா வெளிறியது. எவ்வளவு அழுத்தினாலும் கத்தரிக்காயின் கருமை வரவில்லை. அதனால் ஊதாவை விட்டுவிட்டு, ஒளி விழும் இடத்தில் முதலில் வெள்ளையை அழுத்திப் பூசினேன். சுற்றிலும் கருநீலம், அதன்மேல் அரக்குச் சிவப்பு. இரண்டும் சேரும் ஓரத்தைச் சுண்டுவிரலால் இழைத்ததும், குச்சியில் இல்லாத ஓர் ஊதா தாளில் திரண்டு வந்தது! காம்புக்குக் கீழே பச்சையைக் கருநீலத்தால் மூடி, பல்குத்தும் குச்சியால் கீறினேன். அடியிலிருந்த பச்சை மெல்லிய நரம்பாக எட்டிப் பார்த்தது. கறுப்புக் குச்சியைத் தொடவே இல்லை. தொட்டிருந்தால் எல்லா நிறமும் அழுக்காகியிருக்கும்.

ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது குச்சியின் முனையைப் பழைய பருத்தித் துணியில் துடைப்பது கட்டாயம். மஞ்சளில் ஒட்டிய துளி நீலம் அடுத்த கோட்டைப் பச்சையாக்கிவிடும். குச்சி உடைந்தால் வருந்த வேண்டாம். காகிதத்தை உரித்து, துண்டைப் படுக்கவைத்துத் தேய்த்தால் வானம் இரண்டு நிமிஷத்தில் நிரம்பும்.

முடித்த படத்தின்மேல் பட்டர் பேப்பர் வைத்து எடுத்துவைக்கிறேன். சட்டம் போட்டால் கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி இடையில் மவுண்ட் அட்டை வேண்டும்.

மூன்று வாரத்தில் மற்றக் குச்சிகள் பாதிகூடக் கரையவில்லை. எல்லா நிறத்தையும் இழைக்கப் போன வெள்ளை நகத்தளவுதான் மிச்சம். அடுத்த பெட்டி வாங்குமுன், அதே வகையில் வெள்ளை தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன்.