பட்டியல் சொன்னதும் சின்சினாட்டி செய்ததும்

2020 நவம்பர் 22 அன்று, வாஷிங்டன் அணியுடனான ஆட்டத்தில் ஜோ பர்ரோவின் இடது முழங்கால் தசைநார்கள் அறுந்தன. அந்த ஆண்டின் கல்லூரி வீரர் தேர்வான டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, சின்சினாட்டி பெங்கால்ஸின் பந்து வீசும் குவார்ட்டர்பேக்காக இறங்கியிருந்த இளைஞர் அவர். பத்தே ஆட்டங்களில் 32 முறை எதிரணியினர் அவரைப் பந்தோடு தரையில் சாய்த்திருந்தார்கள். அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். வட்டாரத்தில் இதற்குச் 'சாக்' என்று பெயர். சீசன் முடிந்ததும், அந்த அணிக்கு அடுத்த ஆண்டு என்ன வேண்டும் என்று எழுத உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் முதல் வரியில் ஒன்றையே எழுதினார்கள்: குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை, அதாவது ஆஃபென்சிவ் லைன். 2021 டிராஃப்டில் ஐந்தாவது தேர்வு அவர்களுடையது. ஆரிகன் பல்கலைக்கழகத்தின் பெனே சூவெல், முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டாக்கிள், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். பெங்கால்ஸ் எடுத்ததோ ஜமார் சேஸை, பந்து பிடிக்கும் ரிசீவரை.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை 32 அணிகளுக்கும் இப்படித் தேவைப் பட்டியல் போடுவது அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. செய்தியாளர்கள் போடுகிறார்கள், ரசிகர்கள் போடுகிறார்கள், அணி அலுவலகங்களும் போடுகின்றன. அதை நிரப்ப வழிகள் இரண்டு. மார்ச் நடுவில் ஒப்பந்தம் முடிந்த வீரர்களைப் பணம் கொடுத்து எடுக்கலாம். இவர்கள் ஃப்ரீ ஏஜென்ட்டுகள். ஏப்ரல் கடைசியில் கல்லூரி வீரர்களை ஏழு சுற்று டிராஃப்டில் எடுக்கலாம். ஐ.பி.எல். ஏலத்தில் கையிலிருக்கும் பணம் பேசும். டிராஃப்டில் வரிசை பேசும், சென்ற ஆண்டு மோசமாக ஆடியவர் முதலில் எடுப்பார். எல்லாவற்றுக்கும் மேலே சம்பள உச்சவரம்பு நிற்கிறது. 2021-இல் அது அணிக்கு 18.25 கோடி டாலர், 2025-இல் 27.92 கோடி.

இந்த வழக்கத்தை முழுதாகக் கேலி செய்வது எளிது, ஆனால் நியாயமில்லை. பட்டியல் ஓர் அணியைத் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள விடாது. பெங்கால்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பால் பிரவுன் 1968-இல் தொடங்கிய அணி. இன்றும் அவர் மகன் மைக் பிரவுனின் குடும்பச் சொத்து. வீரர்களைத் தேடிப் பார்க்கும் ஆட்படை லீகிலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று என்று பெயர் எடுத்தது. வெளியிலிருந்து ஆள் எடுக்கக் கை வராது, உள்ளே வளர்ந்தவர்கள் போதும் என்ற பிடிவாதத்தில் காலம் தள்ளியவர்கள். 1991 ஜனவரிக்குப் பிறகு 2022 ஜனவரி வரை ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தைக்கூட அவர்கள் வென்றதில்லை. 2020-இலும் 2021-இலும் அந்தப் பிடிவாதம் தளர்ந்தது. தடுப்பாட்டத்தில் எங்கெல்லாம் ஆள் இல்லையோ அங்கெல்லாம் சந்தையிலிருந்து ஆள் வந்தார்கள்: டி.ஜே. ரீடர், சிடோபே அவுஸி, மைக் ஹில்டன், நான்காண்டுக்கு 6 கோடி டாலருக்கு ட்ரே ஹென்ட்ரிக்சன். இது பட்டியலைப் பார்த்து, வரி வரியாக நிரப்பிய வேலை. அந்தத் தடுப்பாட்டம்தான் 2021 சீசனில் அணியை இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை தூக்கிச் சென்றதில் பாதிப் பங்கு வகித்தது. சேஸின் பெயர் பெரிதாகிவிட்டதால் இந்தப் பாதி மறந்துபோய்விட்டது.

இனி மறு பாதி. சேஸ் அந்த முதல் ஆண்டிலேயே 81 பந்துகளைப் பிடித்து 1,455 கெஜம் சேர்த்தார், 13 டச் டவுன் போட்டார், சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் என்று விருதும் வாங்கினார். (சீசன் தொடங்குவதற்கு முந்தைய ஆகஸ்டில், பயிற்சி ஆட்டங்களில் பந்தைக் கை நழுவவிட்டுவிட்டு, கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைக் கோடு இதில் இல்லையே என்று அவர் சொல்லப்போக, ஊரே சிரித்தது. பட்டியல்காரர்களுக்கு அது தீபாவளி.) சூவெல் ஏழாவது ஆளாக டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போய், லீகின் தலைசிறந்த டாக்கிள்களில் ஒருவரானார். ஆக, இருவரில் யாரை எடுத்திருந்தாலும் பிழையில்லை. ஆனால் பட்டியலின் குறை எங்கே இருக்கிறது என்பதை இந்தத் தேர்வு துல்லியமாகக் காட்டுகிறது.

முதல் குறை, கண்ணுக்குத் தெரிந்த காயத்தை மட்டுமே பட்டியல் எண்ணுகிறது. வாஷிங்டன் அணிக்கு எதிராகப் பர்ரோ விழுந்த காட்சியை நாடே பார்த்தது. தொலைவில் ஓடி நின்று பந்தை வாங்க ஆளில்லாமல் அவர் கையிலேயே பந்தை வைத்துக்கொண்டு நின்ற கணங்களை யாரும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டவில்லை. சாக் என்பது முன்வரிசையின் குற்றம் மட்டுமல்ல. பந்தை விட இடம் கிடைக்காத குவார்ட்டர்பேக்கும் சாய்க்கப்படுவார். இன்னொன்று, அன்று பர்ரோ மேல் சரிந்த தடுப்பு உடைந்தது நடுவில், கார்டு நிற்கும் இடத்தில். 2022 பிப்ரவரியில், ராம்ஸுக்கு எதிரான சூப்பர் பவுலில் 23-20 என்று தோற்றபோது பர்ரோ ஏழு முறை சாய்க்கப்பட்டார். கடைசிப் பந்தில் அவரைப் பிடித்துச் சுழற்றிய ஏரன் டொனால்ட் நுழைந்ததும் நடுவழியாகத்தான். 'முன்வரிசை' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால், ஓர இடத்துக்கும் நடு இடத்துக்கும் உள்ள வேறுபாடு மறைந்துபோகிறது. ஐந்தாவது தேர்வில் ஒரு டாக்கிளை எடுத்து நடுவில் இருக்கும் ஓட்டையை அடைத்திருக்க முடியாது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. எது தேவை என்று பட்டியல் சொல்கிறது. அது எங்கே, என்ன விலைக்கு, எப்போது கிடைக்கும் என்று சொல்வதில்லை. புதுமுக ஒப்பந்தத்தில் சேஸின் நான்கு ஆண்டுச் செலவு சுமார் 3 கோடி டாலர். அதே தரத்து ரிசீவரைச் சந்தையில் எடுக்க அப்போதே ஆண்டுக்கு அதில் பெரும்பங்கு போகும். நடு வரிசைக்காரர்கள் அப்படியில்லை, ஒவ்வொரு மார்ச்சிலும் நாலு பேராவது சந்தைக்கு வருவார்கள். 2022-இல் பெங்கால்ஸ் டெட் காரஸையும் அலெக்ஸ் கப்பாவையும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள், கூடவே டாக்கிள் லயெல் காலின்ஸையும். அரிய சரக்கை டிராஃப்டில் மலிவாக எடு, எளிதில் கிடைப்பதைச் சந்தையில் வாங்கு. 2021-இல் அவர்கள் செய்தது இந்தக் கணக்கு. தேவையை அவர்கள் மறுக்கவில்லை, அதற்கான கடையை மாற்றினார்கள்.

இந்தக் கணக்கும் முழுதாகக் கைகொடுத்தது என்று சொல்ல மாட்டேன். 2021-இன் இரண்டாம் சுற்றில் 38-வது இடத்தை நியூ இங்கிலாந்துக்கு விட்டுக்கொடுத்து, 46-வது இடத்தோடு நான்காம் சுற்றில் இரண்டு தேர்வுகளையும் வாங்கினார்கள். பொருளியல் அறிஞர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் டிராஃப்டை ஆராய்ந்து எழுதியதும் இதைத்தான் பரிந்துரைக்கும்: ஒரு வீரர், அதே இடத்துக்கு அடுத்து எடுக்கப்படும் வீரரைவிடச் சிறப்பார் என்பது நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே கூடுதலான வாய்ப்புதான், எனவே மேலே ஏறத் தேர்வுகளைக் கொட்டாதே, கீழே இறங்கி எண்ணிக்கையைக் கூட்டு. புத்தகம் சொன்னபடியே நடந்தார்கள். 46-இல் வந்த ஜாக்சன் கார்மன் முன்வரிசையில் நிலைக்கவே இல்லை. கூட வந்த இரண்டு தேர்வுகளாலும் பெரிய பயனில்லை. விட்டுக்கொடுத்த 38-இல் நியூ இங்கிலாந்து எடுத்த கிறிஸ்டியன் பார்மோர் நல்ல தடுப்பாட்டக்காரராக வளர்ந்தார். அதே டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில், 149-வது ஆளாக வந்த உதைப்பாளர் எவன் மக்ஃபெர்சன், சூப்பர் பவுலுக்குப் போகும் வழியில் டென்னசிக்கு எதிராகக் கடைசி உதையிலும், கான்சஸ் சிட்டிக்கு எதிராகக் கூடுதல் நேரத்திலும் அணியை வெல்ல வைத்தார். டென்னசி ஆட்டத்தில் பர்ரோ ஒன்பது முறை சாய்க்கப்பட்டும் 19-16 என்று வென்றார்கள். முதல் தேவை நிரம்பாமலே, கடைசித் தேவை நிரம்பியதால் வந்த வெற்றி அது.

மூன்றாவது குறையை 2022 சீசன் காட்டிக்கொடுத்தது. பட்டியல் முன்வரிசையின் முதல் ஐவரை எண்ணும், ஆறாவது ஏழாவது ஆளை எண்ணாது. காலின்ஸ் டிசம்பரில் முழங்கால் போய் விழுந்தார், கப்பா வழக்கமான சீசனின் கடைசி ஆட்டத்தில், டாக்கிள் ஜோனா வில்லியம்ஸ் முதல் பிளே-ஆஃப் ஆட்டத்தில். 2023 ஜனவரியில் கான்சஸ் சிட்டிக்கு எதிராக மூன்று மாற்று ஆட்களோடு இறங்கி, பர்ரோ ஐந்து முறை சாய்க்கப்பட, 23-20 என்று தோற்றார்கள். மார்ச்சில் 'நிரம்பிவிட்டது' என்று அடித்துவிட்ட வரி, ஜனவரியில் மறுபடி காலியாகக் கிடந்தது.

பட்டியலைத் தூக்கிப் போடுங்கள், இருப்பவர்களில் சிறந்தவரை எடுங்கள் என்ற எதிர்வாதம் உண்டு. எல்லா அணி மேலாளரும் டிராஃப்ட் இரவில் இதையே ஓதுவார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. 'சிறந்தவர்' என்ற மதிப்பீட்டைப் போடுவதும் அந்த அலுவலகம்தான். எந்த இடம் காலியாக இருக்கிறதோ அந்த இடத்து வீரரின் மதிப்பெண் தானாகவே கொஞ்சம் ஏறியிருக்கும். தேவை வாசல் வழியாக வராவிட்டால் சன்னல் வழியாக வரும்.

பெங்கால்ஸின் அடுத்த மூன்றாண்டுகள் இதை உறுதிப்படுத்துகின்றன. 2022-இல், தடுப்பாட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டி ஜெசி பேட்ஸ் விரைவில் போய்விடுவார் என்று தெரிந்து, முதல் சுற்றில் டாக்ஸ் ஹில்லை எடுத்தார்கள். முன்யோசனைதான், வருங்காலத் தேவைக்கு முன்கூட்டியே ஆள் வைப்பதைப் பட்டியல்காரர்களே பாராட்டுவார்கள். பேட்ஸ் 2023-இல் நான்காண்டுக்கு 6.4 கோடி டாலருக்கு அட்லான்டா போனார், போன ஆண்டே ஆறு பந்துகளை இடைமறித்தார். அவர் இடத்தில் நின்ற ஹில்லை மறு ஆண்டே கார்னர்பேக்காக மாற்றினார்கள், அங்கும் காயம். பேட்ஸோடு சேர்ந்து வெளியே போன இன்னொரு சேஃப்டி வான் பெல்லை 2024-இல் திரும்பக் கூட்டிவந்தார்கள். ஓட்டையை அடைக்க, ஓட்டை போட்டுவிட்டுப் போனவரே வந்தார். 2023-இன் முதல் சுற்றில் தடுப்பாட்டத்துக்கென்று எடுத்த மைல்ஸ் மர்ஃபி 2024-இல் ஒரு சாக்கைக்கூட எடுக்கவில்லை.

அந்த 2024 சீசன்தான் இந்த அணியைப் பற்றி எழுதும் எவரையும் தூங்கவிடாத சீசன். பர்ரோ 4,918 கெஜமும் 43 டச் டவுனும் வீசி லீகில் முதலிடம். சேஸ் 127 பந்துகள், 1,708 கெஜம், 17 டச் டவுன், மூன்றிலும் முதலிடம். ஹென்ட்ரிக்சன் 17.5 சாக், அதிலும் முதலிடம். அணி 9-8 என்று முடித்து பிளே-ஆஃபுக்கு வெளியே நின்றது. 33 புள்ளி எடுத்து வாஷிங்டனிடம் தோல்வி. 38 எடுத்தும் 34 எடுத்தும் பால்டிமோரிடம் தோல்வி. 38 எடுத்துப் பிட்ஸ்பர்கிடம் தோல்வி. தடுப்பாட்டப் பயிற்சியாளர் லூ அனருமோ வேலையிழந்தார். 2021-இல் எந்தச் சந்தை தடுப்பாட்டத்தைக் கட்டியெழுப்பியதோ, அந்தச் சந்தைக்குப் போகும் பணம் இப்போது வேறு பக்கம் ஓடத் தொடங்கியிருந்தது. பர்ரோவின் 2023 ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு 27.5 கோடி. 2025 மார்ச்சில் சேஸுக்கு நான்காண்டுக்கு 16.1 கோடி, இன்னொரு ரிசீவர் டீ ஹிகின்ஸுக்கு 11.5 கோடி. சேஸோடு 2024 கோடையிலேயே பேசி முடித்திருந்தால் விலை குறைந்திருக்கும். தள்ளிப்போட்டார்கள், சந்தை விலை ஏறியது, ஆண்டுக்கு 4 கோடியைத் தாண்டிக் கொடுத்தார்கள். மலிவாகக் கிடைத்த அரிய சரக்கு ஒருநாள் முழு விலை கேட்கும் என்பது 2021 கணக்கிலேயே இருந்தது. அந்த நாள் வரும்போது தடுப்பாட்டத்தில் மலிவான இளைஞர்கள் தயாராக இருக்க வேண்டும். ஹில்லும் மர்ஃபியும் அதற்காகத்தான் எடுக்கப்பட்டார்கள்.

சேஸைத் தேர்ந்தது தவறு என்பவர்கள் இந்தப் பண ஓட்டத்தைக் காட்டுவார்கள். நான் ஒப்பமாட்டேன். டெட்ராய்ட்டும் சூவெலுக்கு 2024-இல் நான்காண்டுக்கு 11.2 கோடி கொடுத்தது. சிறந்தவர் எந்த இடத்தில் நின்றாலும் சிறந்தவர் விலைதான். வேறுபாடு அந்த நாலு மலிவான ஆண்டுகளில் மற்றவர்களை வளர்த்தார்களா என்பதில் இருக்கிறது. டெட்ராய்ட் வளர்த்தது. சின்சினாட்டி வளர்க்கவில்லை, சிறிய தேடல் படையும், முதல் ஆண்டுக்குப் பிறகு சம்பளத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை என்ற நெடுநாள் வழக்கமும் அதற்கு உதவவில்லை. பர்ரோ போன்ற சிலருக்குத்தான் அந்த வழக்கம் தளர்ந்தது. இவை எந்தத் தேவைப் பட்டியலிலும் வராத வரிகள், ஏனென்றால் களத்தில் அவற்றுக்கு இடம் எண் கிடையாது.

2025 டிராஃப்டில் தேவை வெளிச்சமாகத் தெரிந்தது: எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்த இன்னோர் ஆள், அதுவும் உடனே. ஹென்ட்ரிக்சன் புது ஒப்பந்தம் கேட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். 17-வது தேர்வில் டெக்ஸஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் ஷெமார் ஸ்டூவர்ட்டை எடுத்தார்கள். உடல்வாகும் வேகமும் அபாரம். ஆனால் மூன்று கல்லூரி ஆண்டுகளில் மொத்தம் 4.5 சாக். இன்றைக்கே பலன் வேண்டிய இடத்துக்கு, இரண்டு மூன்று ஆண்டு பொறுத்தால் பலன் தரக்கூடியவரைத் தேர்ந்தார்கள். பட்டியல் இடத்தைத்தான் சொல்லும், அந்த இடத்தில் நிற்பவர் பழுத்தவரா காயா என்று சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அதன் பிறகு செப்டம்பரில் பர்ரோவின் கால் விரல் காயம், அக்டோபரில் கிளீவ்லாந்திலிருந்து வந்த ஜோ ஃபிளாக்கோ, 38 புள்ளி எடுத்து ஜெட்ஸிடம் ஒரு புள்ளியில் தோல்வி, அடுத்த ஆட்டத்தில் 42 எடுத்துச் சிகாகோவிடம் தோல்வி, கடைசியில் 6-11.

இதற்கெல்லாம் முன்பு, கோடையில், அந்த ஸ்டூவர்ட்டைக்கூட உடனே களத்தில் இறக்க அவர்களால் முடியவில்லை. உத்தரவாதத் தொகையை எப்போது ரத்துசெய்யலாம் என்ற ஒப்பந்த வாசகம் ஒன்றில் அணி பிடிவாதம் பிடித்தது, அவரும் விடவில்லை. மே, ஜூன் பயிற்சிகளில் அந்த அவசரத் தேவை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது; ஜூலைக் கடைசியில்தான் கையெழுத்தானது.