பி.யு.சி. என்ற ஓராண்டு

தமிழில் வாசகன் இல்லை என்ற புலம்பல் சிறு பத்திரிகைகளுக்குப் பழசு. குற்றவாளியாக நாம் நிறுத்துவது பாடப் புத்தகத்தை; இல்லாவிட்டால் தமிழாசிரியரை. ஐந்தில் தொடக்கம், எட்டில் நடுநிலை, பத்தில் உயர்நிலை, பன்னிரண்டில் மேல்நிலை, அப்புறம் பல்கலைக்கழகம் என்ற இந்த அடுக்கை யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. பாடத்தைவிட அடுக்குதான் அதிகக் காரியம் செய்கிறது என்று எனக்குப் படுகிறது.

முன்பு பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடியும். பிறகு கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி., மூன்றாண்டு பட்டம். கோத்தாரி கமிஷன் 1966இல் சொன்ன 10+2+3ஐ ஏற்று, 1978இல் தமிழகம் அந்த 'இரண்டை'ப் பள்ளிக்கூடத்தில் வைத்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் தொண்ணூறுகளின் பிற்பகுதிவரை அது கல்லூரியிலேயே இருந்தது. நம் ஏற்பாட்டில் நியாயம் உண்டு. கிராமத்துப் பெண் ஊரை விடாமல் மேலே படிக்க வழி கிடைத்தது. பி.யு.சி. பொற்காலமும் அல்ல, திடீரென்று ஆங்கிலத்தில் பாடம், பலர் அதிலேயே உதிர்ந்தார்கள். நானும் ஒரு பேப்பரில் கோட்டை விட்டவன்தான். ஆனால் கணபதியிலிருந்து டவுன் பஸ் ஏறி, யூனிஃபார்ம் இல்லாமல், ஆசிரியர் பின்னால் நிற்காத ஒரு நூலகத்துக்குள் பதினாறு வயதில் நுழைந்தது அந்த ஓராண்டில்தான்.

அந்த வயது இப்போது என்னவாயிற்று என்பதற்குக் கொங்கு நாடே சாட்சி. நாமக்கல் வட்டாரத்துத் தனியார் விடுதிப் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்புப் பாடத்தையே ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பை இரண்டு வருஷம் உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்க 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26இல் அதையும் எடுத்துவிட்டார்கள். வியாதிக்கு இன்னொரு பரீட்சை என்பதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

தமிழைக் கட்டாயமாக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ப்ளஸ் டூவில் மார்க்குக்காக ஃப்ரெஞ்ச் எடுக்கலாம். பொறியியல் கட்-ஆஃபில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மட்டும். மொழி தேறினால் போதும். வாசிப்பு பிடிக்கிற வயதில் மொழி கணக்கில் வராத பாடமாகிறது. நாமோ பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். பையன் அங்கே வந்து சேர்வதற்கு முன்பே காரியம் முடிந்துவிடுகிறது.

என்னிடம் பழைய சிற்றிதழ்களை வாங்கிப் போய்ப் படித்துத் திருப்பித் தருகிற ஒருவர் கணபதியில் லேத் பட்டறையில் இருக்கிறார். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். ப்ளஸ் டூ பக்கமே போகாதவர். இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.