முகப்பும் மண்டபமும்: புறோக்கன் ஹில் நகரின் பொதுக் கட்டடங்கள்

பழைய கட்டடங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றை வரைந்தவர் யார், அவை எந்தப் பாணியைச் சார்ந்தன என்னும் இரு வினாக்களுடன் நின்றுவிடுகின்றனர். சுரங்கத்தை நம்பி எழுந்த நகரமொன்றை ஆராயுமிடத்து இவ்வினாக்கள் அதிக தூரம் உதவுவதில்லை. யாருடைய பணத்தில் அவை எழுந்தன, எவருக்கு அவற்றின் கதவுகள் திறந்தன என்பதையும் கேட்டாக வேண்டும். அவுஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள புறோக்கன் ஹில் நகரம் இவ்வகையில் ஊன்றி நோக்கத்தக்கது.

வில்யாக்கலி எனப்படும் ஆதிக்குடிகளின் நிலமாயிருந்த அவ்வறண்ட பிரதேசத்தில், ஆட்டுப் பண்ணையொன்றின் எல்லை வேலிகளைப் பார்த்துவந்த சாள்ஸ் ராஸ்ப் என்பவர் 1883இல் கனியம் செறிந்த பாறையைக் கண்டார். 1885இல் கம்பனி உருவாயிற்று. பி.எச்.பி. என்ற பெயரில் உலகறிந்த நிறுவனம் அதுவே. வெள்ளி, ஈயம், நாகம் ஆகிய மூன்றும் அந்நகரைப் படைத்தன. வீதிகள்கூட இரசாயனப் பாடநூலிலிருந்து பெயர் பெற்றன: ஒட்சைட்டு வீதி, சல்பைட்டு வீதி, குளோரைட்டு வீதி. பிரதான வீதிக்கு வெள்ளியைக் குறிக்கும் ஆர்ஜென்ற் என்ற பெயர் வாய்த்தது. பெயரிட்டோர் தாம் எதனை வணங்கினர் என்பதை மறைக்க முயலவில்லை.

அந்த ஆர்ஜென்ற் வீதியிலேதான் அரசும் நகரசபையும் தம் கட்டடங்களை எழுப்பின. நகரமண்டபம் 1890–91 காலப்பகுதியில் எழுந்தது. மணிக்கூட்டுக் கோபுரத்துடன் கூடிய தபாற் கந்தோர் 1892இல் நிறைவுற்றது. தொழிலாளரோ தகரத்தாலும் மரத்தாலும் அமைந்த சிறு குடில்களில் வாழ்ந்தனர். சுற்றுலா வழிகாட்டிகள் இக்கட்டடங்களை நகரின் செழிப்புக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அது பொய்யன்று. ஆயினும் 1892ஆம் ஆண்டு அந்நகர மக்களுக்கு வேறொன்றையே நினைவூட்டுவது.

அவ்வாண்டு கம்பனிகள் முன்னைய உடன்பாட்டைப் புறந்தள்ளி ஒப்பந்தக் கூலி முறையைப் புகுத்த முனைந்தன. அதனை எதிர்த்து ஜூலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் நவம்பர் வரை நீடித்துத் தோல்வியுற்றது. தலைவர்கள் சதிக் குற்றத்தின் பேரிற் கைதாகினர். அவர்கள் தம் சொந்த நகரிலே விசாரிக்கப்படவில்லை. தொலைவிலுள்ள டெனிலிகுவினுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே சிறைத்தண்டனை பெற்றனர். புறோக்கன் ஹில்லின் நீதிமன்றக் கட்டடத்தைப் புகழ்வோர் இதனையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

தோற்றவர்கள் கலைந்து போகவில்லை. ஆறு ஆண்டுகள் கழிந்தபின், 1898இல், சல்பைட்டு வீதியும் பிளெண்ட் வீதியும் சந்திக்கும் மூலையிலே தமக்கென ஒரு தொழிற்சங்க மண்டபத்தைக் கட்டத் தொடங்கினர். வரைந்தவர் தொம் ஜக்சன். கட்டி முடிய 1905 ஆயிற்று. அரசின் மானியமோ கம்பனியின் நன்கொடையோ அன்றிச் சங்கங்களின் பணத்தில் எழுந்தமையால், அது பகுதி பகுதியாகவே உயர்ந்தது. அதன் உயர்ந்த கூரையையும் அலங்கார வேலைப்பாட்டையும் நோக்கும் விமர்சகர் சிலர், தொழிலாளர் முதலாளிகளின் சுவையையே பின்பற்றினர் எனக் குறைகூறக்கூடும். அக்குறை மேலெழுந்தவாரியானது. தகரக் குடிலில் வாழ்ந்தவன் தன் கூட்டத்துக்குக் கல்லிலும் செங்கல்லிலும் இடம் அமைத்தானெனின், அங்கு அழகுணர்ச்சியைவிட நிலைத்திருக்கும் உறுதியே முனைப்பாகத் தெரிகின்றது. கனியம் தீர்ந்தால் கம்பனி வெளியேறிவிடும் என்பதை அவன் அறியாதவனல்லன். பி.எச்.பி. 1939இல் அங்கிருந்து வெளியேறவே செய்தது.

1919 மேயிலிருந்து 1920 நவம்பர் வரை நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் முடிவில் நிலத்தின்கீழ் உழைப்போர் வாரத்துக்கு 35 மணித்தியால வேலையைப் பெற்றனர். 1920களில் உருவான சங்கங்களின் கூட்டவை நெடுங்காலம் அந்நகரின் உண்மையான அதிகார பீடமாக விளங்கியது. அதன் இருப்பிடம் இம்மண்டபமே.

நகரமண்டபத்தின் கதி வேறு. 1970களில் அதன் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. வீதியை நோக்கிய முகப்பு மாத்திரம் எஞ்சியது. வீதியில் நிற்பவருக்குக் கட்டடம் இருப்பது போலவே தோன்றும். கட்டடத்தின் வரலாற்றைப் பாணியின் வரலாறாகச் சுருக்கும் எழுத்து இம்முகப்பையே ஒத்தது. 2015இல் நகர் முழுவதும் அவுஸ்திரேலியத் தேசிய மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. முழு நகரமொன்று அப்பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. அதனால் மட்டும் அத்தகைய எழுத்து மாறிவிடும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

எனினும் தொழிற்சங்க மண்டபத்தைக் குறையற்றதாகக் காட்டுவதும் இன்னொரு முகப்பையே கட்டுவதாகும். அங்கு கூடிய கூட்டவையே, மணமான பெண்கள் நகரிற் பெரும்பாலான தொழில்களைச் செய்யக்கூடாதென்ற விதியை 1980களின் தொடக்கம்வரை நடைமுறைப்படுத்தியது. ஆசியரை வெளியே நிறுத்தும் கொள்கையை அக்கால அவுஸ்திரேலியத் தொழிற்சங்க இயக்கம் பெரிதும் ஆதரித்தது. நகரின் வடபுறத்தில் நெளிதகரத்தால் அமைந்த சிறு பள்ளிவாசலொன்று உண்டு. ஆப்கானியர் என ஒரே பெயரால் அழைக்கப்பட்ட, உண்மையில் ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான், பஞ்சாப் முதலிய பல இடங்களிலிருந்தும் வந்த ஒட்டகக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதனைத் தம் முகாமருகே எழுப்பினர். புகையிரதம் எட்டாத பண்ணைகளுக்குப் பொருள் சுமந்தவர்கள் அவர்கள். கைவிடப்பட்டுக் கிடந்த அப்பள்ளிவாசலை 1960களில் உள்ளூர் வரலாற்றுச் சங்கம் பழுதுபார்த்தது. அதற்குக் கோபுரமில்லை, பாணியுமில்லை. கட்டடக்கலை நூல்களில் அது சில வரிகளுக்கு மேற் பெறுவது அரிது.