எண்ணிக் கேட்கும் கலை

அமெரிக்கப் புற்றுநோய் மருந்துச் சோதனைகளில் நர்ஸ் பிராக்டிஷனரின் (மேற்பயிற்சி பெற்ற நர்ஸின்) கைத்திறன் அவர் கேட்கும் கேள்வியில்தான் இருக்கிறது. ‘கொஞ்சம் வயிறு சரியில்லை’ என்று நோயாளி மழுப்பினால் விடமாட்டார். வழக்கத்தைவிட ஒரு நாளில் எத்தனை தடவை கூடுதலாக மலம் போகிறது என்பார். நான்குக்குக் கீழே என்றால் வயிற்றுப்போக்கின் தீவிரத்தில் முதல் நிலை, 4 முதல் 6 வரை இரண்டாம் நிலை, 7 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்றாம் நிலை. மருந்தைத் தொடர்வதா, நிறுத்தி வைப்பதா என்பது பல நேரம் இந்த எண்ணைப் பொறுத்தது. இதை டாக்டரே கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், பொறுப்பும் முதன்மை ஆய்வாளருடையதுதான். ஆனால் சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று பயந்து குறைத்துச் சொல்பவரிடம் உண்மையை வாங்க, அடிக்கடி பார்த்துப் பழகிய முகம் வேண்டும். கீமோ எடுத்த 766 பேரிடம் புற்றுநோய் மருத்துவர் ஈத்தன் பாஷ் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், உபாதைகளை அவ்வப்போது பதிவுசெய்து நர்ஸுகளின் கவனத்துக்குக் கொண்டுபோன பிரிவின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26. (அங்கே கவனித்தவர்கள் பிராக்டிஷனர்கள்கூட அல்ல, நர்ஸுகள்.) ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கும் இடம் தரவேண்டும்.