மணிக்கட்டின் பதம்

சிலம்பத்தை ரசிக்க விரும்புகிறவர் முதலில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள ஏதாவது ஓர் ஊரில், கண்மாய்க் கரையிலோ மந்தையிலோ விடியற்காலையில் பிள்ளைகள் கம்பு சுற்றும் இடத்துக்குப் போங்கள். ஓரமாக நின்று சத்தத்தை மட்டும் கேளுங்கள். பழகாத கையில் கம்பு ஒருமுறை சீறும், அடுத்த சுற்றில் மங்கும், மறுபடி சீறும். பழகிய கையில் அது ஒரே சுருதியில் ‘ஊங்... ஊங்...’ என்று தம்புராவைப் போல நிற்காமல் ஓடும்.

அந்தச் சத்தம் கம்புக்குப் பின்னால் காற்று சுழிப்பதால் பிறக்கிறது. கம்பின் பருமனும் அது போகும் வேகமும்தான் அதன் சுருதியைத் தீர்மானிக்கின்றன. கம்பு ஒன்றுதான், பருமனும் மாறுவதில்லை. அப்படியிருந்தும் சுருதி ஏறி இறங்குகிறது என்றால் வேகம் ஏறி இறங்குகிறது என்று பொருள். வேகம் ஏறி இறங்கினால் மணிக்கட்டு எங்கோ முரண்டு பிடிக்கிறது. நல்ல வாத்தியார் வரிசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டே, “கையை இறுக்காதடா” என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கம்பில் இருந்து தொடங்குவோம். ஊன்றி நிறுத்தினால் ஆடுகிறவரின் நெற்றியைத் தொடும் உயரம், பொதுவாக ஐந்து, ஐந்தரை அடி. உள்ளே கெட்டியான கல்மூங்கில் மோதுவதற்கு. மெல்லிய பிரம்பு பிள்ளைகள் பழகவும் அலங்கார வீச்சுக்கும். வெட்டிய மூங்கிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நெருப்பில் வாட்டிக் கோணல் எடுத்து, எண்ணெய் பூசிப் பதப்படுத்துவார்கள். பதமான கம்பு அடிக்கும்போது வளைந்து கொடுக்கும், உடனே நிமிரும். காய்ந்து விறைத்த கம்பு அடியின் அதிர்ச்சியை அப்படியே கைக்குத் திருப்பி அனுப்பிவிடும். கைக்கும் இதே இலக்கணம்தான். விறைத்த கை கம்பை வாங்கத் தெரியாத கை.

அடுத்தது பிடி. கம்பை நடுவில் பிடித்தால் சுற்றுவது சுலபம். ஆனால் நுனி எட்டும் தூரம் குறைவு. கடைக்கோடியில் பிடித்தால் தூரம் முழுசாகக் கிடைக்கும். ஆனால் அதைத் திருப்ப நடுவில் பிடிப்பதைப்போல நான்கு மடங்கு பாடு. அடியிலிருந்து கால் பங்கு தள்ளிப் பிடித்தால் பாடு ஒன்றே முக்கால் மடங்குதான், நுனியின் வேகமோ ஒன்றரை மடங்கு. இது பௌதிகப் புத்தகத்தின் கணக்கு. அந்தப் புத்தகத்தைப் பார்க்காத தலைமுறைகள் கையால் போட்டுப் பார்த்து, ஏறக்குறைய அந்தக் கால் பங்கிலேயே பிடியை வைத்துக்கொண்டன. ஐந்தரை அடிக் கம்பை அங்கே பிடித்து நொடிக்கு மூன்று சுற்று சுற்றினால், நுனி மணிக்குச் சுமார் 85 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சுற்றுகிற கை அப்போது ஒரு சாண் வட்டத்துக்குள் நிற்கிறது. சிலம்பத்தின் அழகில் பாதி இந்த ஏற்றத்தாழ்வுதான்: நுனியில் புயல், கையில் அமைதி.

அந்த அமைதி எப்படி வருகிறது? மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள், இரண்டு வரிசையாக, கூழாங்கற்களை அடுக்கினதுபோல இருக்கின்றன. அவை முன்னும் பின்னும் மடங்கும், பக்கவாட்டில் சாயும். ஆனால் சாவியைத் திருப்புவதுபோன்ற புரளல் மணிக்கட்டில் நடப்பதில்லை. முன்கையில் உள்ள இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின்மேல் புரள்கிறது. விரல்களை அசைக்கும் பெருந்தசைகளும் முன்கையில்தான் இருக்கின்றன. மணிக்கட்டு வழியாகப் போவது அவற்றின் தசைநாண் கயிறுகள் மாத்திரம். ஆகவே உள்ளங்கையை இறுக்கிப் பிடித்தவுடன் அந்தக் கயிறுகள் எல்லாம் விறைத்து மணிக்கட்டைப் பூட்டிவிடுகின்றன. தேர்ந்த ஆட்டக்காரர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கம்பை உருளவிட்டு, மற்ற மூன்று விரல்களால் தொட்டும் தொடாமலும் அணைத்திருப்பார். அடி விழும் நொடியில் மட்டும் அந்த மூன்று விரல்களும் மூடும். மறு நொடி திறந்துவிடும்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கோல்ஃப் ஆட்டம் நினைவுக்கு வருகிறது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் சமவெளி வெயிலுக்குத் தப்பி 1845-ல் கொடைக்கானலில் குடியேறினார்கள். அதே மலையில் 1895-ல் ஒரு கோல்ஃப் சங்கம் தொடங்கியது. மேலே புல்வெளியில் ஒரு கோல், கீழே கண்மாய்க் கரையில் ஒரு கம்பு. இரண்டையும் வீசியவர்கள் ஒருவர் ஆட்டத்தை ஒருவர் பார்த்திருக்க அவசியமில்லை. ஆனாலும் இருவருடைய மணிக்கட்டும் ஒரே உண்மையைக் கற்றிருந்தது.

அமெரிக்கப் பெரும் ஆட்டக்காரர் சாம் ஸ்னீட், கோலை ஒரு பறவையைப் பிடிப்பதுபோலப் பிடிக்கச் சொன்னார். பறந்துவிடவும் கூடாது, நசுங்கிவிடவும் கூடாது. 1968-ல் காக்ரன், ஸ்டாப்ஸ் என்ற இருவர் பிரிட்டனில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கோல்ஃப் வீச்சைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். வீச்சை இரண்டு தண்டுகளாகப் பிரித்துக் காட்டினார்கள்: மேல்தண்டு கை, கீழ்த்தண்டு கோல், நடுவில் கீலாக மணிக்கட்டு. கோலை ஓங்கும்போது அந்தக் கீல் மடங்குகிறது. கை இறங்கத் தொடங்கியபிறகும் மடிப்பு உடனே பிரிவதில்லை, பாதி தூரம்வரை அப்படியே வருகிறது. பிறகு பிரியும்போது கை நிதானிக்கிறது, கோலின் தலை கையை முந்திக்கொண்டு பாய்கிறது. கையில் இருந்த விசையில் பெரும்பகுதி கோலுக்குக் கைமாறிவிட்டது. பந்தைக் கோல் தொட்டிருப்பது நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் கையால் கூடுதலாக ஒன்றும் செய்துவிட முடியாது. செய்யவேண்டியதெல்லாம் முன்னமே செய்யப்பட்டிருக்க வேண்டும்.

நம் களத்து மேட்டில் தலையடி அடித்தவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இதில் புதுமை இல்லை. கதிர்க்கட்டைத் தலைக்குமேல் ஓங்கி இறக்கும்போது கை முன்னால் வரும், கட்டு பின்தங்கி வரும், கடைசியில்தான் சுண்டு விழும். தொடக்கத்திலேயே மணிக்கட்டைச் சுண்டிவிட்டால் தோள் நோகும், நெல் உதிராது. பிந்தி வருவதுதான் மணிக்கட்டின் தர்மம். இடுப்பு முதலில், தோள் அடுத்து, முழங்கை அதற்கடுத்து, மணிக்கட்டு கடைசி. முன்னால் போனவர்கள் சேர்த்துக் கொடுத்ததைக் கெடுக்காமல் வாங்கி, வாங்கினதை அப்படியே விடுவது அதன் வேலை. வெறும் பலத்தைக் காட்ட நினைக்கிற மணிக்கட்டு வாங்கினதையும் சிந்திவிடும்.

கோல்ஃபைவிடச் சிலம்பம் ஒரு படி கடினமாகும் இடம் இங்கேதான் வருகிறது. கோல்ஃபில் பந்து அசையாமல் காத்திருக்கிறது. ஒரு வீச்சு முடிந்தால் முடிந்தது. சிலம்பத்தில் எதிரே நிற்பவர் காத்திருப்பதில்லை. தலைக்கு வந்த வீச்சு பாதியில் மாறிக் கணுக்காலை வாரும். ஆகவே ஒவ்வொரு வீச்சின் முடிவும் அடுத்த வீச்சின் தொடக்கமாக இருக்கவேண்டும். கம்பு போகிற வேகத்தை நிறுத்தித் திருப்புகிறவர் இரண்டு வேலை செய்கிறார். நிறுத்தாமல், முன்கையைப் புரட்டி, அதே வேகத்தை வேறு திசைக்கு வளைத்துவிடுகிறவர் ஒரு வேலையும் செய்யாததுபோலத் தெரிகிறார். அவர்தான் கலைஞர். வாய்க்காலில் ஓடும் தண்ணீரை மடை மாற்றுவதைப்போன்றது அது. தண்ணீரை யாரும் தள்ளுவதில்லை, போகும் வழியைத்தான் மாற்றுகிறோம்.

மடை மாற்ற இடம் கொடுப்பது கால். அதனால்தான் பிள்ளைகள் கையில் கம்பைக் கொடுப்பதற்கு முன்னால் காலடி சொல்லிக் கொடுக்கிறார்கள். கால் ஓரடி தவறினால் இடுப்பு திரும்பாது. இடுப்பு திரும்பாவிட்டால் தோள் அந்தக் குறையை ஈடுகட்டப் பார்க்கும். தோள் முந்தினால் மணிக்கட்டுக்கு வேலையே மிஞ்சாது. கம்பு தடுமாறும்போது கையைத் திட்டுவது அறியாமை. காலைப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கும்.

சிலம்பத்தின் உச்சம் என்று நான் நினைப்பது அடியை அல்ல, தொடுதலை. கம்பு நுனியில் பொடி தோய்த்து, எதிராளியின் உடம்பில் பொட்டு வைத்து வெற்றியைக் கணக்கிடும் மரபு ஒன்று உண்டு. மணிக்கு எண்பது கிலோமீட்டரில் வந்த நுனி, ஒரு பொட்டு அளவுக்குத் தொட்டுவிட்டுத் திரும்பவேண்டும். எலும்பை உடைக்க வல்ல கை தோலைத் தொட்டதோடு நிறுத்திக்கொள்ளும் அந்த இடத்தில் வீரமும் நாகரிகமும் ஒன்றாகிவிடுகின்றன.

இந்தக் கம்பை ஊரெல்லாம் பார்க்கவைத்ததில் எம்.ஜி.ஆருக்குப் பெரும்பங்கு உண்டு. 1963-ல் வந்த ‘பெரிய இடத்துப் பெண்’ படத்தின் சிலம்பப் போட்டியை மதுரைக்காரர்கள் கொண்டாடினார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இன்று மதுரைப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் கம்போடு வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

ஒரு கவலையும் இருக்கிறது. மணிக்கணக்கில் தொடர்ந்து சுற்றுவது, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுவது போன்ற சாதனை முயற்சிகள் பெருகிவிட்டன. பிள்ளைகளின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் சுற்றுகளை எண்ணிவிடலாம், நேரத்தை அளந்துவிடலாம். மணிக்கட்டின் பதத்தை அளக்கக் கருவி இல்லை. பார்க்கத் தெரிந்த கண்தான் வேண்டும். அந்தக் கண் ஊரில் இல்லாமல் போனால், பதமான கை இருந்தும் அதற்குப் பெயர் சொல்ல ஆள் இருக்காது. வேகம் மட்டுமே கைதட்டல் வாங்கும் இடத்தில் பிள்ளைகள் வேகத்தை மட்டுமே கற்றுக்கொள்வார்கள்.

ஆகவே, அடுத்த முறை உங்கள் ஊர்த் திருவிழாவில் முளைப்பாரிக்கு முன்னால் பிள்ளைகள் கம்பு சுற்றி வரும்போது, சுழலும் நுனியைப் பார்த்துக் கண் கூசி நிற்காதீர்கள். சத்தத்தைக் கேளுங்கள், காலைக் கவனியுங்கள், பிறகு மணிக்கட்டைப் பாருங்கள். அது இளகி, பிந்தி, வாங்கியதை விட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளையை நிறுத்தி, “உன் கை நல்லா இருக்கு” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள்.